மதத்தைத் தொட்ட காட்சியை வெட்டுவது யார்?

கொட்டாஞ்சேனையில் நாடகக் குழு நடத்தும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: "தமிழ் அலைவரிசை ஒன்றுக்கு மூன்று நகைச்சுவைக் காட்சிகள் எழுதிக் கொடுத்தோம். மூன்றிலும் மதம் வருகிறது. மூன்றும் திரும்பி வந்துவிட்டன. காரணம் கேட்டால், 'மேலே வேண்டாம் என்கிறார்கள்' என்று சொல்கிறார்கள். அந்த மேலே யார்? சட்டமா, தணிக்கைச் சபையா, அலைவரிசையா? வெளிநாட்டிலும் இப்படித்தானா? இனி எழுதலாமா, விட்டுவிடலாமா?"

கொழும்பில் தமிழ்த் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்குப் பிரதி பார்க்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். நானே சிலதை வெட்டியிருக்கிறேன், வெட்டக் கூடாது என்று சண்டையும் பிடித்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் நேரான பதில். உங்கள் காட்சிகளை எந்தச் சட்டமும் தடை செய்யவில்லை. எந்தச் சபையும் பார்த்திருக்காது. பிரதியைப் படித்த மூன்று நான்கு பேரில் ஒருவருக்குப் பயம் வந்திருக்கிறது. அவருக்கு எதிராகப் பேச மற்றவர்களிடம் ஒரு பிடிமானமும் இல்லை. இவ்வளவுதான் நடந்திருக்கும். அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் விளக்க வேண்டும்.

2023 ஜூன் முதல் வாரம். ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி, எடிட் அறையில் கடைசிப் பார்வை. இரண்டு நிமிடக் காட்சி ஒன்று. இடம் கோயில் சீட்டுக் கவுண்டர். பேரனுக்குப் பரீட்சை என்று ஒரு தாத்தா அர்ச்சனைச் சீட்டு எடுக்க வருகிறார். கவுண்டரில் இருப்பவர் பெயரும் நட்சத்திரமும் கேட்டுவிட்டு, "சாதாரணமா, விசேஷமா?" என்கிறார். "என்ன வித்தியாசம்?" "விசேஷம் என்றால் ஐயர் பெயரை உரத்துச் சொல்லுவார்." தாத்தா கொஞ்ச நேரம் மூலஸ்தானத்துப் பக்கம் பார்த்துவிட்டு, "ஏன், சுவாமிக்குக் காது மந்தமோ?" என்று கேட்கிறார். அவ்வளவுதான் காட்சி. நடித்த பெரியவர் அந்த வரியைக் கேலியாகச் சொல்லவில்லை. சொந்தக்காரர் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டவர் விசாரிப்பதுபோல, முகம் வாடிப்போய்க் கேட்டார். எடிட்டர் அந்த இடத்தை எத்தனை முறை ஓட்டினாரோ அத்தனை முறையும் சிரித்தார்.

எடுப்பதற்கு முன்பே பிரதியை வெள்ளவத்தைப் பக்கம் ஒரு குருக்களிடம் கொண்டுபோய்க் காட்டியிருந்தோம். அவர் படித்துச் சிரித்துவிட்டு ஒரு திருத்தம் சொன்னார். "நட்சத்திரம் தெரியாத ஆட்களும் வருவினம். அவைக்கு நாங்கள் சுவாமி பேருக்கே அர்ச்சனை செய்வம். கவுண்டரில் இருக்கிறவர் அதையும் கேட்கட்டும், அப்பதான் உண்மை மாதிரி இருக்கும்." அதையும் சேர்த்துத்தான் எடுத்தோம்.

அந்தக் காட்சி ஒளிபரப்பாகவில்லை. விளம்பரப் பிரிவிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தவர், "இந்த நேரத்தில் வேண்டாம்" என்றார். என்ன நேரம் என்று யாரும் கேட்கவில்லை. முந்திய வாரம்தான் நட்டாஷா எதிரிசூரியவைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைது செய்திருந்தார்கள். அவர் சிங்களத்தில் மேடையில் தனியாக நின்று நகைச்சுவை பேசுபவர். ஒரு நிகழ்ச்சியில் புத்தரின் குழந்தைப் பருவத்தைத் தொட்டு அவர் சொன்ன ஒரு பகுதிதான் பிரச்சினை. மன்னிப்புக் கேட்டும் விடவில்லை. அந்தக் காணொளி வெளியான யூடியூப் தளத்தின் உரிமையாளர் புருனோ திவாகரவும் கைதானார். நட்டாஷாவுக்குக் கொழும்பு மேல் நீதிமன்றத்தில் பிணை கிடைத்தது 2023 ஜூலை 5ஆம் தேதி. ஐந்து வாரத்துக்கு மேல் உள்ளே இருந்தார்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நட்டாஷா பேசியது தொலைக்காட்சியில் வந்ததல்ல, மொழி சிங்களம், விஷயம் பௌத்தம். நாங்கள் எடுத்தது தமிழில், சைவக் கோயிலைப் பற்றி, ஒரு குருக்களே படித்துத் திருத்திய காட்சி. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் அங்கே விழுந்த அடி எங்கள் எடிட் மேசையில் வலித்தது. தணிக்கை என்பது இப்படித்தான் வேலை செய்கிறது. ஒருவரைப் பிடித்து உள்ளே போட்டால் போதும், மற்ற நூறு பேர் தங்கள் பிரதியைத் தாங்களே வெட்டிக்கொள்வார்கள். அந்த நூறு வெட்டுகளுக்கு எங்கேயும் பதிவு கிடையாது.

சரி, சட்டத்துக்கு வருவோம். தணிக்கைச் சபை என்று நம் ஆட்கள் சொல்வது, 1912ஆம் ஆண்டின் பழைய சட்டத்தின் கீழ் திரைப்படத்துக்கும் மேடை நாடகத்துக்கும் சான்றிதழ் கொடுக்கும் சபையை. உங்கள் குழு மேடை ஏறும்போது அங்கே பிரதி கொடுத்திருப்பீர்கள். வாராவாரம் போகும் தொலைக்காட்சி நகைச்சுவை அந்த வாசலால் போவதில்லை. அதை விட்டுவிடலாம்.

தொலைக்காட்சிக்கு அடிப்படை 1982ஆம் ஆண்டின் ரூபவாஹினிக் கூட்டுத்தாபனச் சட்டம். நல்ல ரசனைக்கும் கண்ணியத்துக்கும் மாறானது, இன, மத உணர்வுகளைப் புண்படுத்துவது எதுவும் நிகழ்ச்சியில் வராமல் பார்த்துக்கொள்வது கூட்டுத்தாபனத்தின் கடமை என்று அது சொல்கிறது. புண்படுத்துவது என்றால் என்ன என்று எங்கே கோடு போட்டிருக்கிறார்கள் என்று தேடினால் கிடைக்காது. தனியார் அலைவரிசைக்கும் அதே சட்டத்தின் கீழ்தான் அனுமதி. அதைக் கொடுப்பவர் அமைச்சர். 1997இல் ஒலிபரப்பு, ஒளிபரப்புக்கு ஒரு அதிகார சபை அமைக்க அரசாங்கம் சட்டமூலம் கொண்டுவந்தது. அந்தச் சபை அரசாங்கத்தின் கைக்குள் இருக்கும், சுதந்திரமாக இயங்காது என்பதால் அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதன் இடத்தில் சுதந்திரமான ஒரு சபை வரவே இல்லை. அதனால் ஒரு பார்வையாளருக்கு மனம் புண்பட்டால் முறைப்பாட்டை எடுத்து, நிகழ்ச்சியை முழுதாகப் பார்த்து, இது பிழை அல்லது பிழையில்லை என்று காரணத்தோடு எழுதித் தர ஓர் இடம் இல்லை. அவர் போகக்கூடிய இடம் பொலிஸ்தான்.

பொலிசில் என்ன சட்டம் இருக்கிறது? தண்டனைச் சட்டக்கோவையில் 291அ, 291ஆ என்று இரண்டு பிரிவுகள். மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்தினால் ஒரு வருடம் வரை, ஒரு பிரிவினரின் மதத்தை வேண்டுமென்றே கெட்ட நோக்கத்தோடு அவமதித்தால் இரண்டு வருடம் வரை சிறை. "வேண்டுமென்றே" என்பதை நிரூபிக்க வேண்டும். அது அவ்வளவு எளிதல்ல. அதனால் பொலிஸ் கையில் எடுத்தது வேறொரு சட்டம். குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம், 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கம். எல்லோரும் ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் என்றே சொல்வார்கள். பெயரைப் பார்த்தால் உரிமையைக் காக்க வந்த சட்டம். அதன் 3ஆம் பிரிவு, பாகுபாட்டையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டும் அளவுக்கு இன, மத வெறுப்பைப் பரப்புவதைத் தடை செய்கிறது. பத்து வருடம் வரை சிறை. நீதவான் பிணை கொடுக்க முடியாது. மேல் நீதிமன்றம்தான் கொடுக்கலாம், அதுவும் விசேட காரணம் இருந்தால். இந்தப் பிணை விஷயம்தான் எல்லாவற்றுக்கும் வேர். வழக்கில் கடைசியில் வெல்வீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு முன் உள்ளே கழித்த வாரங்களை யார் திருப்பித் தருவார்கள்?

சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரல் 1ஆம் தேதி கைதானார். பிணை வர நான்கு மாதத்துக்கு மேல் ஆனது. 2021இல் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். ரம்ஸி ராசீக் முகநூலில் எழுதிய பதிவுக்காக 2020 ஏப்ரலில் கைதாகி செப்டெம்பரில்தான் வெளியே வந்தார். அந்தக் கைது அவருடைய அடிப்படை உரிமைகளை மீறியது என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சொல்லி, நட்டஈடும் கொடுக்கச் சொன்னது. மறுபக்கத்தையும் பாருங்கள். கலகொட அத்தே ஞானசார தேரர் என்ற பௌத்த பிக்கு 2016இல் இஸ்லாத்தைப் பற்றிப் பேசிய பேச்சுக்காக அவருக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் நான்கு வருடச் சிறைத்தண்டனை விதித்தது 2024 மார்ச்சில். எட்டு வருடம். நகைச்சுவைக்காரருக்கு விமான நிலைய வாசலிலேயே வந்த சட்டம் அங்கே போய்ச் சேர எட்டு வருடம் எடுத்திருக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்கப் போவதில்லை.

வெளிநாட்டில் எப்படி என்று கேட்டீர்கள். அங்கேயும் வெட்டு உண்டு. ஆனால் வெட்டின தடம் வெளியே தெரியும்.

பிரித்தானியாவில் 2005 ஜனவரி 8ஆம் தேதி பிபிசி இரண்டாம் அலைவரிசை 'ஜெரி ஸ்பிரிங்கர்: தி ஒபெரா' என்ற இசை நாடகத்தை ஒளிபரப்பியது. இயேசுவும் சாத்தானும் ஒரு மலிவான தொலைக்காட்சி அரட்டை நிகழ்ச்சியில் வந்து சண்டை பிடிப்பதுபோல ஒரு பகுதி அதில் உண்டு. ஒளிபரப்புக்கு முன்பே 40,000க்கு மேல் முறைப்பாடுகள். பிபிசி பின்வாங்கவில்லை. முறைப்பாடுகளை ஒஃப்கொம் என்ற கண்காணிப்பு அமைப்பு எடுத்து, பார்த்து, விதிமீறல் இல்லை என்று காரணம் எழுதி முடிவு சொன்னது. ஒரு கிறிஸ்தவ அமைப்பு தெய்வ நிந்தனை வழக்குப் போட முயன்றது. 2007 டிசம்பரில் நீதிமன்றம் அதற்கு இடமில்லை என்றது. அடுத்த வருடம், 2008இல், தெய்வ நிந்தனைக் குற்றத்தையே இங்கிலாந்தும் வேல்ஸும் சட்டத்திலிருந்து நீக்கின. அந்த நாடகம் நல்லதா கெட்டதா என்பது வேறு கதை, எனக்கே சில இடங்கள் பிடிக்கவில்லை. புண்பட்ட ஒருவருக்குப் பேச இடம் இருந்தது, எழுதியவர் ஒரு இரவும் சிறையில் இருக்கவில்லை. நான் பார்ப்பது அதைத்தான்.

அதே பிபிசி பயந்ததும் உண்டு. வத்திக்கானைக் கிண்டல் செய்யும் 'போப்டவுன்' என்ற கார்ட்டூன் தொடரைக் காசு போட்டு எடுத்துவிட்டு, 2004இல் ஒளிபரப்புவதில்லை என்று முடிவு செய்தது. அமெரிக்காவில் 2010 ஏப்ரலில் 'சவுத் பார்க்' கார்ட்டூனுக்கு நடந்ததுதான் எடிட் அறையில் வேலை செய்தவர்களுக்கு மறக்காது. முகம்மது நபி வரும் அத்தியாயம் என்று மிரட்டல் வந்ததும், கொமெடி சென்ட்ரல் அலைவரிசை அவர் பெயரையெல்லாம் 'பீப்' ஒலியால் மூடியது. அதோடு நிற்காமல், கடைசியில் ஒரு பாத்திரம் பேசும் பேச்சு முழுவதையும் மூடிவிட்டது. அந்தப் பேச்சில் நபியின் பெயரே இல்லை, மிரட்டலையும் பயத்தையும் பற்றியது அது என்று எடுத்தவர்கள் பிறகு சொன்னார்கள். பயம் வந்தவர் எதை வெட்டுகிறோம் என்று பார்த்து வெட்ட மாட்டார்.

பக்கத்து இந்தியாவில் 2016 ஜனவரியில் கிக்கு சர்தா என்ற நகைச்சுவை நடிகரை ஹரியானா பொலிஸ் கைது செய்தது. குர்மீத் ராம் ரஹீம் என்ற சாமியாரைப்போல ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வேடம் போட்டார், பக்தர்களின் மத உணர்வு புண்பட்டது என்று வழக்கு. அப்போதைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பிரிவு 295அ, நம்முடைய 291ஆவுக்கு உடன்பிறப்பு. ஒன்றரை வருடம் கழித்து, 2017 ஓகஸ்டில், அந்தச் சாமியார் பாலியல் வன்கொடுமை வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பாகி இருபது வருடச் சிறை பெற்றார். புண்பட்ட உணர்வு என்ற சொல் யாரைக் காப்பாற்றப் பயன்படுகிறது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வழக்கு ஞாபகம் வரும்.

மதத்தைச் சிரிப்பது மேல்நாட்டுப் பழக்கம், நமக்கு ஒத்துவராது என்று கூட்டங்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்பவர்கள் கோயிலில் தேவாரம் பாடும்போது சொல்லைக் கவனிப்பதில்லை என்று நினைக்கிறேன். சுந்தரர் முதல் பதிகத்தின் முதல் சொல்லிலேயே சிவனைப் பைத்தியம் என்கிறார். திருவாரூரில் கண் தெரியாமல் நின்று, நீர் மட்டும் நல்லா வாழ்ந்து போம் என்று திட்டுகிறார். அதைத் திருமுறையில் வைத்துப் பாடுகிறோம். காளமேகம் திட்டுவதுபோலத் துதிப்பதையே தொழிலாக வைத்திருந்தார். கூத்தில் கட்டியகாரன் ராஜாவையும் விடமாட்டான், ரிஷியையும் விடமாட்டான். அதெல்லாம் பக்தி இல்லாத ஊரிலா நடந்தது?

இந்தக் கொழும்பிலேயே இலங்கை வானொலியில் 'கோமாளிகள் கும்மாளம்' வந்த காலம் இருந்தது. மரிக்கார் என்ற முஸ்லிமாகப் பேசிய ராமதாஸ் கடைசிவரை மரிக்கார் ராமதாஸ், உபாலி என்ற சிங்களவராகப் பேசிய செல்வசேகரன் உபாலி செல்வசேகரன், அப்புக்குட்டியாக வந்தவர் அப்புக்குட்டி ராஜகோபால். ஒருவர் பேச்சை ஒருவர் பேசி, ஒருவர் வழக்கத்தை ஒருவர் கிண்டல் செய்து, வீடு வீடாக வானொலியைச் சுற்றி ஆட்களை உட்கார வைத்தார்கள். மரிக்கார் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது அன்பினால்.

இடையில் என்ன மாறியது என்று கேட்டால், அதற்கும் பதில் இருக்கிறது. 1983க்குப் பிறகு வந்த வருடங்கள். 2014இல் அளுத்கமவில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த கலவரம். 2018இல் அம்பாறையில் கொத்து ரொட்டிக்குள் மலட்டு மாத்திரை என்று கிளம்பிய பொய், அடுத்த மாதம் திகனவிலும் அதே போன்ற கலவரம். 2019 ஏப்ரல் 21, கொச்சிக்கடைத் தேவாலயத்தில் குண்டு, பிறகு மே மாதத்தில் முஸ்லிம் வீடுகளும் கடைகளும் எரிந்தது. இவ்வளவையும் பார்த்த ஊரில் ஒரு அலைவரிசைக்காரருக்கு மதம் என்ற சொல்லே வயிற்றைக் கலக்கினால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்த நெருப்புகளில் ஒன்றையாவது ஒரு நகைச்சுவைக் காட்சி மூட்டியதா? மூட்டியது பொய்யும் வதந்தியும் வெறுப்புப் பேச்சும். அவை மிக மரியாதையான குரலில், மதத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு வந்தன. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாத சட்டம் வெறுப்பையும் தடுக்காது, சிரிப்பையும் விடாது.

நான் வெட்டச் சொன்னவையும் உண்டு என்றேனே. ஒருமுறை அபாயா உடுத்த ஒரு பெண் பஸ்ஸில் ஏறியதும் மற்றவர்கள் பையைப் பார்த்துப் பயந்து இறங்குவதுபோல ஒரு காட்சி வந்தது. 2019க்குப் பிறகு. எழுதியவர் கெட்டவரில்லை. ஆனால் அந்தக் காட்சியில் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? அடுத்த நாள் அதே உடுப்போடு 155 பஸ்ஸில் ஏறப்போகும் ஒருத்தியைப் பார்த்து. வேண்டாம் என்று சொன்னேன், காரணத்தை எழுதியும் கொடுத்தேன். எழுதிக் கொடுப்பது முக்கியம். மதத்தின் பெயரில் அதிகாரம் வைத்திருப்பவரை, காசு வாங்குபவரை, நம்முடைய சொந்தப் பழக்கத்தைச் சிரிப்பது ஒன்று. நாளைக்கு அடிவாங்கக் கூடியவரைக் காட்டிக் கொடுப்பது வேறு.

இனி உங்கள் மூன்று காட்சிகள். உங்கள் குறிப்பில் இருந்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலாவது, கியூஆர் குறியோடு உண்டியல். இதை மாற்ற ஒன்றுமில்லை. ஒரு கோயில் பெயரோ அடையாளமோ தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும்.

இரண்டாவது, சுகமளிக்கும் கூட்டத்தில் மைக் பழுதாகிப் போகும் போதகர். மைக் சரியாகும்வரை அவர் தன் சொந்த முதுகுவலியைத் தேய்க்கும் இடம் நன்றாக இருக்கிறது. ஆனால் முன்வரிசையில் சக்கர நாற்காலியில் ஒரு பிள்ளையை வைத்திருக்கிறீர்கள். அந்தப் பிள்ளையை எடுத்துவிடுங்கள். அதைப் பார்க்கும் ஒரு தாய்க்குச் சிரிப்பு வராது. அந்தக் கூட்டங்களுக்குப் போகிறவர்கள் வேறு வழியில்லாமல் போகிறவர்கள்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பரீட்சைக்குப் போகும் மகனின் கையில் அம்மா செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய் வந்த கையோடு ஒன்று, வெள்ளிக்கிழமை முருகன் கோயிலில் ஒன்று, தெவட்டகஹ பள்ளிவாசலில் ஒன்று, போயா தினத்தில் களனி விகாரையில் பிக்குகள் ஓதிக் கட்டும் பிரித் நூல் ஒன்று என்று கட்டிக்கொண்டே போக, கடைசியில் பையனுக்குப் பேனா பிடிக்க முடியவில்லை. கொழும்பில் பிறந்த யாருக்கும் அது தன் வீட்டு அம்மா என்று தெரியும். இதைத் தொலைக்காட்சிக்குத் திரும்பக் கொடுங்கள். யார் வேண்டாம் என்றார், எந்த இடம், என்ன காரணம் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும், பிரித் நூலை மட்டும் எடுத்துவிட்டு மற்ற மூன்றையும் விடலாம் என்று சொல்வார்கள். அப்படிச் சொன்னால் காட்சியைத் திருப்பி வாங்கிக்கொண்டு மேடைக்குக் கொண்டுபோங்கள். நாலு நூலும் ஒரே கையில் இருக்கும்வரைதான் அந்த அம்மா எல்லோருக்கும் அம்மா.